எதுக்காகப் பிறந்தோம்? உயிர்களில் நோக்கம் என்னும் தோற்றம் குறித்து

(மாணவர் படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை எழுதுகிற ஆளைக் கூப்பிட்டு உயிரியல் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் விலங்கியல் பட்டதாரி. படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தம் இல்லை. வங்கியில் குமாஸ்தா. பகலில் அடுத்தவர் கணக்கு, ராத்திரியில் புத்தகம். அதனால் விஞ்ஞானியாக இங்கே நிற்கவில்லை. நமக்கு எதிராகக் காலங்காலமாகக் கையாளப்படுகிற ஒரு வாதத்தின் வேர் எங்கே ஓடுகிறது என்று தோண்டிப் பார்க்க ஆசைப்படுகிற ஒருத்தனாக நிற்கிறேன்.

நான்கு வாக்கியங்கள் சொல்கிறேன், கேளுங்கள்.

கண் பார்ப்பதற்காக இருக்கிறது.
வேர் தண்ணீர் உறிஞ்சுவதற்காக இருக்கிறது.
மாடு மனிதனுக்குப் பால் கொடுப்பதற்காக இருக்கிறது.
சேரிக்காரன் செத்த மாடு தூக்குவதற்காக இருக்கிறான்.

நாலுக்கும் இலக்கணம் ஒன்றுதான். முதல் இரண்டையும் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது வீட்டில் கற்றது. நாலாவதை ஊர் சொல்லிக் கொடுத்தது. முதல் வாக்கியத்துக்குத் தலையாட்டிப் பழகிய கழுத்து நாலாவதுக்கும் தன்னால் ஆடிவிடுகிறது. ஊர்க்காரன் கழுத்து மட்டுமில்லை, சில நேரம் நம்ம கழுத்தும்தான். ‘அதற்காக’ என்கிற இந்தச் சின்ன ஒட்டுக்குள் என்ன அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் இன்றைக்குப் பேச்சு.

1

முதலில் ஒரு ஆமையைப் பார்ப்போம்.

தையிலிருந்து பங்குனி வரைக்கும் சென்னைக் கடற்கரையில் ராத்திரியில் நடந்தால் பங்குனி ஆமையைப் பார்க்க முடியும். 1988 முதல் மாணவர்கள் ஒரு வலையமைப்பாகச் சேர்ந்து பருவந்தோறும் ராத்திரி நடை நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். பெண் ஆமை கடலிலிருந்து ஏறி வருகிறது. பின்துடுப்பால் மணலில் குழி பறிக்கிறது. நூறு முட்டைக்கு மேல் இடுகிறது. மணலைத் தள்ளி மூடி, உடம்பால் தட்டி அமுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. ஏறக்குறைய ஐம்பது நாள் கழித்துக் குஞ்சுகள் ராத்திரியில் மணலைப் பிளந்துகொண்டு வெளியே வந்து நேராகக் கடலை நோக்கி ஓடுகின்றன. தாயைப் பார்த்ததில்லை, கடலைப் பார்த்ததில்லை, வழிகாட்ட ஆள் இல்லை. ஆனாலும் திசை தப்புவதில்லை.

இதைப் பார்க்கிற யாருக்கும் தோன்றும், அந்தக் குஞ்சுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது, அது கடலைத் தேடுகிறது என்று.

இப்போது கரையோரச் சாலையில் ஒரு விளக்குக் கம்பம் நடுங்கள். குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடும். வண்டிச் சக்கரத்தில் நசுங்கும், நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும். குஞ்சு கடலைத் தேடவே இல்லை என்பது அப்போதுதான் விளங்குகிறது. தாழ்வாகவும் வெளிச்சமாகவும் இருக்கிற திசைக்குப் போ, இருட்டாக உயர்ந்து நிற்பதை விட்டு விலகு: அவ்வளவுதான் அதன் உடம்புக்குள் இருக்கிற ஏற்பாடு. மின்விளக்கு இல்லாத கோடிக்கணக்கான ராத்திரிகளில் வெளிச்சமான அடிவானம் என்றால் அது கடல்தான். அந்தத் திசைக்குப் போனது பிழைத்தது. வேறு திசைக்குப் போனதற்குச் சந்ததி இல்லை. இன்று நாம் பார்க்கிற குஞ்சு, சரியான திசைக்குப் போனவற்றின் பிள்ளை.

அப்படியானால் அந்த ‘நோக்கம்’ முன்னால் இருக்கிற கடலிலிருந்து வரவில்லை, பின்னால் இருக்கிற வரலாற்றிலிருந்து வருகிறது. எதிர்காலம் குஞ்சைப் பிடித்து இழுக்கவில்லை. கடந்தகாலம் பின்னாலிருந்து தள்ளுகிறது. கடந்தகாலத்துக்கு விளக்குக் கம்பம் தெரியாது. இழுவலை தெரியாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, அந்த ஆமைகளின் உடம்பில் எத்தனையோ லட்சம் வருஷத்துக் கடல் எழுதப்பட்டிருந்தது. இழுவலை அதில் எழுதப்படவில்லை.

2

இந்த இடத்துக்கு வந்து சேர மனித சிந்தனைக்கு ஈராயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கிரேக்கத்தில் எம்பெடோகிளிஸ் என்று ஒருவர் இருந்தார். உறுப்புகள் தற்செயலாகச் சேர்ந்தன, பொருந்தியவை நிலைத்தன, பொருந்தாதவை அழிந்தன என்கிற மாதிரி ஒரு கருத்தைச் சொன்னார். அரிஸ்டாட்டில் அதை மறுத்தார். முன்பல் கூராகக் கடிப்பதற்கும், கடைவாய்ப்பல் தட்டையாக அரைப்பதற்கும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் அமைவது எப்படித் தற்செயலாகும்? ஆகவே இயற்கை ஒரு நோக்கத்துக்காகவே வேலை செய்கிறது என்றார். அரிஸ்டாட்டில் லேசான ஆள் இல்லை. கோழி முட்டையை நாள்வாரியாக உடைத்துக் கரு வளர்வதைக் குறித்து வைத்தவர். ஆனால் அதே மனிதர் தன் அரசியல் நூலில் என்ன எழுதுகிறார்? செடிகொடி மிருகங்களுக்காக, மிருகங்கள் மனிதனுக்காக, சில மனிதர்கள் இயல்பிலேயே அடிமைகளாக இருப்பதற்காக. பல்லில் ஆரம்பித்த ‘அதற்காக’ விலங்கு மாட்டுவதில் போய் நிற்கிறது.

அதில் இன்னொரு வேடிக்கை இருக்கு தோழர்களே. சுதந்திர மனிதனின் உடம்பையும் அடிமையின் உடம்பையும் வேறுவேறாகப் படைக்கத்தான் இயற்கை விரும்புகிறது, ஆனால் பல தடவை இது தலைகீழாகவும் நடந்துவிடுகிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதாவது ஆளைப் பார்த்து அடிமை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கொள்கை பிழை என்று முடிவு செய்ய வேண்டிய இடம் அது. அவர் இயற்கையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

நம்ம பக்கத்திலும் மாற்றுக் குரல்கள் இருந்தன. முள்ளைக் கூராக்கவும் மயிலுக்கு நிறம் தீட்டவும் ஒருத்தன் வேண்டியதில்லை, அது பொருளின் இயல்பு என்று உலகாயதர்கள் வாதாடினார்கள். மணிமேகலை 27ஆம் காதையில் பூதவாதி தன் தரப்பைச் சொல்கிறான். 30ஆம் காதையில் பௌத்தத்தின் சார்புத் தோற்றம் விரித்துச் சொல்லப்படுகிறது. இது இருப்பதால் அது வருகிறது, இது அற்றால் அது அறும். நடுவில் எஜமான் கிடையாது. காரணம் உண்டு, காரணத்துக்குச் சொந்தக்காரன் இல்லை. இந்த ஒரு வரிச் சிந்தனையை நம்ம ஊர்த் தத்துவத்திலிருந்து விரட்ட எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே அதன் பலம் தெரியும்.

1802இல் இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் பேலி ஒரு புத்தகம் எழுதினார். பொட்டலில் ஒரு கடிகாரம் கிடந்தால் அதைச் செய்தவன் ஒருவன் உண்டு என்று சொல்ல மாட்டோமா, அதைவிட நுட்பமான கண்ணைச் செய்தவன் இல்லாமலா போவான் என்பது அவர் வாதம். கேம்பிரிட்ஜில் படித்த இளைஞன் சார்லஸ் டார்வினுக்கு அந்தப் புத்தகம் ரொம்பப் பிடித்தது. 1859இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தபோது அதே டார்வின் பேலியின் கேள்வியை வைத்துக்கொண்டு பதிலை மாற்றிவிட்டார். கண்ணின் நுட்பம் உண்மை. செய்தவன்தான் தேவையில்லை. உயிர்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறுபடுகின்றன, மாறுபாட்டில் ஒரு பகுதி பிள்ளைகளுக்குப் போகிறது, எல்லாப் பிள்ளையும் பிழைப்பதில்லை. இந்த மூன்றும் இருந்து, காலமும் வேண்டிய மட்டும் இருந்தால் போதும்.

அந்த வருஷ டிசம்பரிலேயே ஏங்கல்ஸ் மார்க்சுக்குக் கடிதம் எழுதுகிறார், நோக்கவாதத்தின் இடிபடாத ஒரு பக்கமும் இப்போது இடிந்துவிட்டது என்று. 1861இல் மார்க்ஸ் லஸ்ஸாலுக்கு எழுதியதும் ஏறக்குறைய அதேதான். இந்தப் புத்தகத்தின் அரசியல் அவர்களுக்கு உடனே புரிந்தது. ஏனென்றால் எல்லா எஜமானர்களுடைய கடைசி அரண் ‘இயற்கையே அப்படித்தான் படைத்திருக்கிறது’ என்பதுதான்.

3

டார்வினுக்குப் பிறகும் உயிரியலாளர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ‘அதற்காக’ என்று பேசினால் கடவுளைப் பின்வாசல் வழியே கூட்டி வந்த மாதிரி ஆகிவிடும். பேசாமல் இருந்தால் உயிரைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியவில்லை. 1958இல் காலின் பிட்டென்ட்ரி என்கிற உயிரியலாளர் இந்தச் சங்கடத்தைச் சொல்ல எடுத்துக்கொண்டதும் ஆமையைத்தான். ஆமை கரைக்கு வந்து முட்டையிட்டது என்று எழுதத் தயாராக இருந்தவர்கள், முட்டையிடுவதற்காகக் கரைக்கு வந்தது என்று எழுதக் கூசினார்கள் என்றார். அவர் ஒரு புதுச் சொல்லை உண்டாக்கினார்: டெலியோனமி. பழைய டெலியாலஜி, அதாவது நோக்கவாதம், இறுதி நோக்கம் ஒன்று எல்லாவற்றையும் இழுத்துச் செல்கிறது என்கிறது. டெலியோனமி என்பது நோக்கம் உள்ளதுபோல நடப்பதை மட்டும் குறிக்கிறது. நோக்கத் தோற்றம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். எர்ன்ஸ்ட் மேயர் அதை இன்னும் இறுக்கினார்: உள்ளே எழுதப்பட்ட ஒரு நிரலின்படி நடப்பதால்தான் அது இலக்கை நோக்கிப் போவதாகத் தெரிகிறது என்றார்.

நிரல் என்றால் என்ன? என் வேலையிலிருந்து சொல்கிறேன். வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்று ஒன்று உண்டு. ஒருத்தர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்: மாசாமாசம் அஞ்சாந்தேதி என் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்து மகள் பேரில் ஆர்.டி.யில் போடு. அதற்கப்புறம் அவர் வர வேண்டியதில்லை. அஞ்சாந்தேதி ஆனால் பணம் நகரும். விஷயம் தெரியாதவர் லெட்ஜரைப் புரட்டினால், இந்தக் கணக்குக்கு அந்தப் பொண்ணு மேல என்னா அக்கறை என்றுதான் நினைப்பார். கணக்குக்கு அக்கறை கிடையாது. தாளில் இருப்பது நடக்கிறது. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகிப் போயிருந்தாலும் நடக்கும்.

உயிருக்குள் இருக்கிற தாள் டி.என்.ஏ. கையெழுத்து யாருடையது? பேலியைக் கேட்டால் ஆண்டவன் என்பார். டார்வினைக் கேட்டால் கையெழுத்தே இல்லை என்பார். தாள் தன்னைத் தானே நகல் எடுத்துக்கொண்டே வருகிறது. நகலில் பிழை விழுகிறது. பல பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. சில பிழைகள் கணக்கையே முடித்துவிடும். எப்போதோ ஒரு பிழை கணக்கை நீட்டித்துக் கொடுக்கும். நீண்ட கணக்குகள் மட்டும்தான் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் எல்லாமே யாரோ யோசித்து எழுதியது மாதிரி தெரிகிறது.

இது வெறும் உவமை இல்லை, அணு அணுவாகப் பார்த்த விஷயம். 1961இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜக்கோபும் ஜாக் மோனோவும் ஈ. கோலை என்கிற குடல் பாக்டீரியாவில் அதைக் காட்டினார்கள். பால் சர்க்கரை இருந்தால் மட்டுமே இந்தப் பாக்டீரியா அதைச் செரிக்கிற நொதியை மும்முரமாக உண்டாக்குகிறது. இல்லாதபோது உண்டாக்கி வீணடிப்பதில்லை. சிக்கனமான குடும்பத் தலைவி மாதிரி. உள்ளே பார்த்தால் டி.என்.ஏ. மேல் ஒரு புரதம் தாழ்ப்பாள் போல உட்கார்ந்திருக்கிறது. பால் சர்க்கரையிலிருந்து வரும் ஒரு மூலக்கூறு அதில் ஒட்டினால் தாழ்ப்பாள் கழன்றுகொள்ளும், நொதி உற்பத்தியாகும். சரி, பால் சர்க்கரை மாதிரியே உருவம் கொண்ட, ஆனால் செரிக்கவே முடியாத ஐ.பி.டி.ஜி. என்கிற வேதிப்பொருளைப் போட்டால்? அப்போதும் தாழ்ப்பாள் கழலும். தின்ன முடியாத ஒன்றுக்காகப் பாக்டீரியா நொதியை உற்பத்தி பண்ணிக்கொண்டே இருக்கும். ஆமைக்குஞ்சுக்கு விளக்குக் கம்பம், பாக்டீரியாவுக்கு ஐ.பி.டி.ஜி.

இருவருக்கும் 1965இல் ஆந்த்ரே லுவோஃபுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. இருவருமே நாஜிகளை எதிர்த்தவர்கள். மோனோ தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். ஜக்கோப் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்து 1944இல் நார்மண்டியில் படுகாயம் அடைந்தவர். பிறப்பால் உயர்ந்த இனம் என்கிற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்த்த கைகள்தான் இந்த ஆராய்ச்சியைச் செய்தன. 1970இல் மோனோ எழுதிய ‘தற்செயலும் அவசியமும்’ என்கிற நூல், உயிரின் முதன்மையான குணங்களில் ஒன்றாகவே டெலியோனமியை வைக்கிறது. நோக்கத் தோற்றத்தை மறுக்க வேண்டியதில்லை, விளக்க வேண்டும் என்பது அவர் நிலை.

4

இயற்கை ஒரு பொறியாளன் என்கிற நினைப்பையும் விட வேண்டும். 1977இல் ஜக்கோப் ஒரு கட்டுரையில் பரிணாமத்தைக் கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிற ஆளோடு ஒப்பிட்டார். நம்ம பாஷையில் ஒப்பேத்துறது. ஒட்டகச்சிவிங்கியின் மூளையிலிருந்து குரல்வளைக்குப் போகிற ஒரு நரம்பு, பக்கத்திலேயே இருக்கிற குரல்வளைக்கு நேராகப் போகாமல் கழுத்து முழுக்க இறங்கி, நெஞ்சில் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்து முழுக்க ஏறுகிறது. மீன் முன்னோர்களுக்குக் கழுத்து கிடையாது, அப்போது அது நேர்வழியாக இருந்தது. கழுத்து நீள நீள நரம்பும் நீண்டுவிட்டது. வரைபடம் போட்டு வேலை செய்கிற யாரும் இப்படிக் கம்பி இழுக்க மாட்டார்கள்.

இறகு இன்னொரு உதாரணம். பறக்கவே முடியாத டைனோசர்களுக்கும் இறகு இருந்தது. குளிருக்கோ கவர்ச்சிக்கோ வந்தது பின்னால் பறப்பதற்கு உதவியது. ஒன்று எதற்காக வந்ததோ அதற்காகத்தான் இருந்தாக வேண்டும் என்கிற கட்டாயம் இயற்கையில் இல்லை. ஸ்டீபன் ஜே கோல்டும் எலிசபெத் விர்பாவும் 1982இல் இதற்கென்றே தனிச் சொல் கொடுத்தார்கள்.

மாணவத் தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். எழுத்து தோன்றி ஐயாயிரம் வருஷம் சொச்சம்தான் ஆகிறது. அதிலும் பெருவாரியான மக்கள் எழுதப் படிக்கக் கற்றது போன நூற்றைம்பது வருஷத்துக் கதை. பரிணாமக் கணக்கில் இது கண் இமைக்கிற நேரம். ஆகவே படிப்பதற்காக உருவான மூளை என்று ஒன்று உலகத்தில் யாருக்குமே கிடையாது. பார்ப்பதற்கும் பேசுவதற்கும் இருந்த மூளைப் பகுதிகளை வைத்துத்தான் எல்லாச் சாதிப் பிள்ளையும் எழுத்துக்கூட்டுகிறது. யாராக இருந்தாலும் சொல்லித் தந்தால்தான் வரும். ‘அவங்களுக்குப் படிப்பு ரத்தத்துலயே இருக்கு, இதுங்களுக்கு ஏறாது’ என்று இனி எவனாவது சொன்னால் உயிரியல் தெரியாமல் பேசுகிறான் என்று அர்த்தம். ரத்தத்தில் இருப்பது ஹீமோகுளோபின்.

அந்த ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுவோம். அதில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும். 1952இல் நீலகிரி மலைப் பழங்குடிகளிடையே லேமனும் கட்புஷும் இதைக் கண்டறிந்தார்கள், இந்தியாவில் முதல் பதிவு அது. 1954இல் அந்தோனி அலிசன் ஆப்பிரிக்க ஆய்வுகளிலிருந்து காட்டினார்: இந்த மாற்றத்தின் ஒரு பிரதி மட்டும் இருந்தால் கொடிய மலேரியாவிலிருந்து பாதுகாப்பு, இரண்டு பிரதி இருந்தால் வாழ்நாள் வேதனை. தாய் தகப்பன் இருவருக்கும் ஒவ்வொரு பிரதி இருந்தால் நாலில் ஒரு பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு. மலேரியாக் காட்டில் அந்தக் கணக்கு லாபமாக இருந்ததால் மரபணு நிலைத்தது. அந்த நாலாவது பிள்ளையை யாரும் பலி கேட்கவில்லை. கேட்க ஆளே இல்லை. இதை ‘இயற்கையின் திட்டம்’ என்று சொல்வது அந்தப் பிள்ளையின் மூட்டு வலிக்கு முன்னால் அசிங்கமான பேச்சு. திட்டம் இல்லை என்பதால்தான் தலையிட நமக்கு உரிமை இருக்கிறது. 2023 ஜூலையில் இதை ஒழிக்க ஒன்றிய அரசு ஒரு இயக்கத்தைத் தொடங்கியது. மலைக்கிராமத்துக்கு ரத்தப் பரிசோதனையும் மருந்தும் போய்ச் சேருவது அரசின் கடமை. ‘அவங்க உடம்பே அப்படி’ என்று கைகழுவ இடமில்லை.

5

இப்போது நாலாவது வாக்கியத்துக்கு வருகிறேன்.

ரிக் வேதம் பத்தாம் மண்டலம், 90ஆம் பாடல், புருஷசூக்தம். வாய், தோள், தொடை, பாதம் என்று சமூகத்தை ஒரு உடம்பாக வரைகிறது. ரோமாபுரியிலும் இதே கதை உண்டு. கி.மு. 494இல் ஏழைக் குடிகள் நகரத்தை விட்டு வெளியேறி மலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க மேட்டுக்குடி அனுப்பிய மெனேனியஸ் அக்ரிப்பா, வயிற்றோடு சண்டை போட்ட கைகால்கள் கதையைச் சொன்னதாக லிவி எழுதுகிறார். பாதிப் பேருக்கு அந்தக் கதை மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அதே லிவிதான் அடுத்ததையும் சொல்கிறார்: அந்த மக்கள் தங்களுக்கென்று தீண்டமுடியாத அதிகாரம் கொண்ட பிரதிநிதிகளை வாங்கிக்கொண்டுதான் மலையிறங்கினார்கள். கதைக்காக இறங்கவில்லை.

ஜோதிராவ் பூலே 1873இல் ‘குலாம்கிரி’யில் பிரம்மாவின் வாயில் பிறந்த கதையைக் கேலி செய்து கிழித்தார். வாயில் பிறந்தால் வாய்க்குள் கர்ப்பப்பை இருந்ததா என்கிற ரீதியில் கேட்டார். அது வெறும் நக்கல் இல்லை, சரியான உயிரியல் கேள்வி. அண்ணல் அம்பேத்கர் 1946இல் ‘சூத்திரர்கள் யார்?’ நூலில் அதே பாடலை வரலாற்றுப் பிரதியாக வைத்து விசாரித்தார்.

சமூகம் ஒரு உடம்பு என்கிற உவமையை உயிரியல் எந்த இடத்தில் உடைக்கிறது? மூன்று இடத்தில்.

ஒன்று. உடம்பில் காலுக்கென்று தனிப் பிள்ளை கிடையாது. கால் அணுவிலும் கண் அணுவிலும் ஒரே மரபுத் தாள்தான், உடம்பு பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். சேரிக்கும் அக்ரகாரத்துக்கும் பசி தனித்தனி, பிள்ளைகள் தனித்தனி, சாவு தனித்தனி.

இரண்டு. ஒரு உயிரினத்தின் ஏதாவது ஒரு உறுப்பு முழுக்க முழுக்க வேறொரு உயிரினத்தின் நன்மைக்காகவே உண்டானது என்று நிரூபித்தால் என் கோட்பாடே அழிந்துவிடும் என்று டார்வின் எழுதினார். இதை விடக்கூடாது தோழர்களே. பசுவின் மடி கன்றுக்காக உண்டானது. மனிதன் பின்னால் வந்து, அதிகம் கறக்கிற மாட்டைப் பொறுக்கிப் பொறுக்கி இனப்பெருக்கினான். அங்கே நோக்கம் மாட்டினுடையது இல்லை, கறக்கிறவனுடையது. ஆகவே மூன்றாவது வாக்கியம் போச்சு. பிற உயிருக்காக உறுப்பு உண்டாகாது என்றால், பிறருக்காக ஒரு கூட்டமே உண்டாவது எப்படி? ஒருத்தன் மற்றவனுக்கு உழைப்பதற்காகப் பிறந்தான் என்பதில் ‘அதற்காக’ யாருடையது என்று பாருங்கள். உழைப்பவனுடையதாக இருக்காது. வாங்கித் தின்பவனுடையது.

மூன்று. காலைக் காலாக இருக்கும்படி யாரும் மிரட்டுவதில்லை. மீறினால் தண்டனை என்று காலுக்குச் சட்டம் எழுதி வைக்கவில்லை. சாதிக்கு மட்டும் மனுவின் தண்டனைப் பட்டியல் தேவைப்படுகிறது. ரெட்டை டம்ளர், ஊர்க் கட்டுப்பாடு, காதலித்தவனை வெட்ட அரிவாள் எல்லாம் தேவைப்படுகின்றன. 1916இல் கொலம்பியாவில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி அகமணம் என்று காட்டினார். அந்த அகமணத்தைக் காப்பாற்ற எத்தனை கொடூர வழக்கங்கள் தேவைப்பட்டன என்பதையும் காட்டினார். இயல்பாக நடப்பதற்குக் காவல் எதுக்கு? இருபது வருஷம் கழித்து 1936இல், நிகழ்த்தவிடாமல் தடுக்கப்பட்ட உரையான ‘சாதி ஒழிப்பி’ல், சென்னைப் பிராமணரும் சென்னைப் பறையரும் ஒரே இனத்தைச் சேர்ந்தவர்கள் என்று எடுத்துக்காட்டினார்.

இது பழங்கதை என்று நினைக்கிற நண்பர்களுக்கு ஒரு தேதி: 2024 அக்டோபர் 3. அன்றைக்குத்தான் உச்ச நீதிமன்றம் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் இருந்த சாதிவாரி வேலைப் பங்கீட்டைச் செல்லாது என்று சொன்னது. துப்புரவுக்கு இன்ன சாதி, சமையலுக்குத் ‘தகுந்த’ சாதி என்று சுதந்திர இந்தியாவின் அரசாங்கப் புத்தகத்தில் அன்றுவரை அச்சில் இருந்தது. ‘குற்றப் பழங்குடி’ச் சட்டம் 1871இல் வந்து 1952இல் நீக்கப்பட்டது, அந்த வாசனையும் கையேடுகளில் இருந்தது. ஒரு பத்திரிகையாளர் எழுதி, வழக்குப் போட்டு இதை நீக்க வைக்க வேண்டியிருந்தது. கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். இன்னும் குழிக்குள் இறங்கிச் சாகிறவன் எந்தச் சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘அவனுக்குப் பழக்கம்’ என்கிற ஒரு சொல் போதும், அரிஸ்டாட்டிலும் புருஷசூக்தமும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

6

நம் பக்கத்துக்கும் ஒரு எச்சரிக்கை சொல்லி முடிக்கிறேன்.

எதிரி இயற்கையைத் தன் சாட்சியாகக் கூப்பிடுகிறான் என்பதற்காக நாமும் கூப்பிடக்கூடாது. சோவியத் நாட்டில் லைசென்கோவின் உயிரியல் அரசியலுக்கு வசதியாக இருந்தது, அதனால் உண்மை ஆக்கப்பட்டது. உலகத்தின் பெரிய தாவர மரபியலாளர்களில் ஒருவரான வாவிலோவ் 1943இல் சிறையில் செத்தார். 1948இல் மோனோ அதைப் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார், கட்சி நண்பர்களோடு பகை வந்தாலும் பரவாயில்லை என்று. ‘வல்லவன் வாழ்வான்’ என்று டார்வினைத் திரித்து முதலாளிக்கு ஆசி வழங்குவதும், ‘இயற்கையே சமத்துவம் கேட்கிறது’ என்று நாம் பதில் சொல்வதும் ஒரே தப்பின் இரண்டு பக்கம். இயற்கை ஒன்றும் கேட்கவில்லை. விடுதலை இயற்கையில் எழுதி வைக்கப்படவில்லை, வரலாற்றின் முடிவில் நமக்காகக் காத்திருக்கவும் இல்லை.

‘அப்படின்னா எதுக்கும் அர்த்தமே இல்லையா அண்ணே?’ என்று ஒரு தம்பி முன்பு கேட்டான். நியாயமான கேள்வி. ஆமைக்குஞ்சு விளக்கைக் கடல் என்று ஓடுகிறது, அதற்குத் தன் நிரலைத் திருத்தத் தெரியாது. அந்தக் கரையில் டார்ச் வைத்துக்கொண்டு முழங்கால் போட்டு முட்டையைப் பொறுக்குகிறாரே ஒரு கல்லூரி மாணவர், அவருக்கு நோக்கம் இருக்கிறது. அவரும் டி.என்.ஏ.தான், அவரையும் யாரும் படைக்கவில்லை. ஆனால் நாளைக்கு என்ன நடக்க வேண்டும் என்று மனசில் வைத்து, நாலு பேரோடு பேசி, பிழை என்றால் மாற்றி, அதன்படி இன்றைக்கு நடக்கத் தெரிந்த உயிர் அவர். தோற்றமாக இல்லாமல் நிஜமாகவே நோக்கம் இருக்கிற இடம் அது. நோக்கம் என்பது மேலேயிருந்து ஒருத்தன் நம் பேரில் எழுதிக் கொடுத்த ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் இல்லை. கூடிப் பேசி, நாமே எழுதி, நாமே கையெழுத்துப் போட வேண்டியது. வேண்டாமென்றால் நாமே ரத்து செய்யலாம்.

ஆகவே இனிமேல் யாராவது ‘இன்னார் இன்னதுக்காக’ என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் சொல்றது யாரு? இதனால லாபம் யாருக்கு? அவங்க அதைச் செய்ய மாட்டேன்னு சொன்னா அடிக்க வர்றது யாரு? கண்ணைப் பற்றியும் வேரைப் பற்றியும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், யாரும் அடிக்க வர மாட்டார்கள். சேரியைப் பற்றிக் கேட்டால் மூன்றுக்கும் பெயர், ஊர், தெரு என்று பதில் கிடைக்கும். இரவுப் பாடசாலை நடத்துகிற தோழர்கள் இதைப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகவே வைக்கலாம்.

இனி நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.